அருவியில் கிடந்த மெக்கானிக்

என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பேங்கில் செக்யூரிட்டி வேலை பார்க்கலாம், தோப்பு வாங்கலாம், கோயில் கமிட்டியில் சேரலாம். அவர் யார் பேச்சையும் கேட்காமல் வடகரைக்குப் போய் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு என்பது பேச்சுக்குச் சொல்வது. டிராக்டர்தான் கயிறு கட்டி இழுத்து வந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, குடியரசு தின ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தென்னந்தோப்பு மூலையில் வெகுகாலம் கிடந்த வண்டி அது. கதவு கிடையாது. மேலே போர்த்தியிருந்த படுதாவில் பாதி கிடையாது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு கோழி முட்டை இருந்தது.

"பட்டாளத்துல இதத்தான் ஓட்டுனேன்" என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் இருந்தது ரேஷன் ஸ்டோரில். அரிசியும் பருப்பும் அளந்து போட்ட மனிதர். ஜீப்பில் ஏறியதெல்லாம் லீவுக்கு ஊர் வரும்போது ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்தான். தெருவில் நான் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்குள் தினமும் சொன்னேன்.

துருவைச் சுரண்டினார், பச்சை பெயின்ட் அடித்தார், கடை கடையாக ஏறி இறங்கிப் புதுசு புதுசாக என்னவெல்லாமோ வாங்கிப் பூட்டினார். ஆள் வைத்து எஞ்சினுக்கும் உயிர் கொடுத்தார். கடைசியில் ஓட்டியது நான்தான். நான் இங்கே தென்காசியில் பள்ளிக்கூட டீச்சர். கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. கிளட்சை மிதித்தால் முட்டி வலிக்கிறது என்று அவர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முட்டி வலிக்கிறவர் வாய் வலிக்காமல் உத்தரவு போட்டுக்கொண்டே வருவார்.

வண்டி தென்காசிக்குள் நன்றாகத்தான் ஓடியது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இருமும், குலுங்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி இருமல். ஸ்டாஃப் ரூமில் கேலி தாங்கவில்லை. என்னோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சர் ஒருநாள், "ஒங்க வண்டிக்கு இண்டர்வெல் உண்டோ, டீச்சர்?" என்று கேட்டாள்.

முதலில் தென்காசியிலேயே ஒரு மெக்கானிக். வண்டி நின்ற இடத்துக்கே பைக்கில் வந்தார். டிரைவர் சீட்டுப் பக்கம் இருக்கும் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "பெட்ரோல் இருக்கே" என்றார், நாங்கள் ஏதோ மறைத்துவிட்ட மாதிரி. பிறகு பானெட்டைத் திறந்து ஒரு ஒயரை ஆட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. "பாத்தியளா, லூஸ் காண்டாக்ட்" என்றார். அவர் தலை மறைந்ததும் நாங்களும் புறப்பட்டோம், கொஞ்ச தூரத்தில் வண்டி மறுபடியும் நின்றது.

அடுத்தது பாவூர்சத்திரம். மார்க்கெட்டுக்கு வரும் டெம்போக்களை எல்லாம் பார்க்கிறவர் என்று அனுப்பினார்கள். அவரும் முதலில் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிப் பார்த்து, "இனி டெல்லிக்கே போலாம் அண்ணாச்சி" என்றார். டெல்லி கிடக்கட்டும், தென்காசிக்கே வரவில்லை. வழியில் நின்றுபோய், தக்காளிப் பெட்டி ஏற்றிவந்த டெம்போவில் நாங்கள் வீடு திரும்பினோம். அன்றைக்கு ராத்திரி வைத்த தக்காளி ரசத்தை இவர் தொடவில்லை.

"மெக்கானிக் மொகத்தப் பாத்தா மட்டும் ஓடுது பாத்தியா" என்றார் இவர். "வண்டிக்கும் வெக்கம் இருக்குட்டி."

"வாங்குன ஆளுக்கு அது இல்லயே" என்றேன்.

செங்கோட்டையில் ஒருத்தர் இருப்பதாக அந்த டெம்போ டிரைவர்தான் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் எஸ்டேட் ஜீப்புகளைப் பல வருஷம் பார்த்தவராம், பழைய ஜீப் என்றால் அவரை விட்டால் ஆள் இல்லையாம். போனோம். பட்டறை பூட்டியிருந்தது. மறுவாரம் போனோம். பூட்டு அப்படியே இருந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாரல் ஆரம்பிச்சாச்சுல்லா. இனி அவன் இங்கன எங்க இருப்பான்? அஞ்சருவில போய்ப் பாருங்க. எண்ணெயத் தேச்சுட்டு அங்கனதான் கெடப்பான்."

மெக்கானிக்கைத் தேடி அருவிக்குப் போனவர்கள் குற்றாலத்தில் நாங்களாகத்தான் இருப்போம். ஐந்தருவிக்கு ஏறும் ரோட்டில், சீசன் கூட்டத்துக்கு நடுவில், ஒரு வளைவில் ஜீப் இருமியது. நின்றது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், அதற்குப் பின்னால் வேன்கள். ஈரத் துண்டோடு போய்க்கொண்டிருந்த ஆட்கள் சுற்றிக் கூடி யோசனை சொன்னார்கள். ஒருவர் ஜீப்பின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, "ரெண்டாவது கியர்ல வந்துருக்கணும்" என்றார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். இடுப்பில் ஒரு துண்டு. மற்றபடி தலை முதல் கால் வரை எண்ணெய். வெயில் இருந்திருந்தால் கண் கூசியிருக்கும்.

"பானெட்டத் தொறங்க சேச்சி."

"நீங்க யாரு?"

"செங்கோட்டைல பட்டறை வச்சிருக்கேன். ஜீப்புன்னா அங்கேருந்து கொல்லம் வரைக்கும் என் பேரத்தான் சொல்லுவாங்க."

இத்தனை நாள் தேடியது இவரைத்தான் என்று புரிந்ததும் என் கணவர் சீட்டிலிருந்து இறங்கிக் கைகொடுத்தார். கை வழுக்கிக்கொண்டு போனது.

செங்கோட்டைக்காரர் எஞ்சினை உற்றுப் பார்த்தார். பெட்ரோலை யாரும் பார்க்கவேண்டாம், அதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்கிற வேலை என்றார். "இக்னிஷன் காயில் செத்துட்டு. சத்தத்த வச்சே சொல்லிருவேன்." வண்டி சத்தமே போடாமல் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவரிடம் ஸ்பானர் வாங்கிக் காயிலைக் கழற்றித் துடைத்து, துடைத்ததில் தன் கை எண்ணெயைப் பூசி, திரும்ப மாட்டினார். ஸ்டார்ட் ஆகவில்லை. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய முகத்தில் முதல் முறையாக ஒரு கவலை தெரிந்தது. கொல்லம் வரைக்கும் இருந்த பேர், எல்லை தாண்டியதும் வரும் ஆரியங்காவோடு சுருங்கியிருக்கும்.

"பெட்ரோலாவது இருக்கான்னு பாரும்வே" என்றார் கண்டக்டர்.

வேறு வழியில்லாமல் அவர் என்னிடம் சாவி வாங்கிப் பெட்ரோல் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி இருந்தது. அவர் அப்படியே நின்றார். மூடியைத் திருப்பிப் பார்த்தார். வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எண்ணெய் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இந்த மூடிய யாரு போட்டா?"

என் கணவர் மலையைப் பார்த்தார். பளபளவென்ற அந்தப் பூட்டு மூடியை அவர்தான் தேடி அலைந்து வாங்கிப் போட்டார். "பெட்ரோலத் திருடிட்டுப் போயிருவான்லா" என்றார் மெதுவாக.

"பழைய மூடில காத்துப் போகப் பொடி ஓட்ட இருக்கும் சார். இதுல இல்ல. பெட்ரோல் எறங்க எறங்க டேங்குக்குள்ள காத்து வேண்டாமா? மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா எப்பிடி ஓடும்? சும்மா நிறுத்துனா இடுக்கு வழியா கொஞ்சங் கொஞ்சமா காத்து ஏறிக்கும். எந்திரிச்சுக் கொஞ்ச தூரம் ஓடும்."

எனக்கு அப்போதுதான் தென்காசிக்காரரும் பாவூர்சத்திரத்துக்காரரும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு பேருமே வந்ததும் மூடியைத் திறந்தார்கள். அந்த நிமிஷமே வண்டி குணமாகிவிட்டது. பிறகு அவர்கள் செய்ததெல்லாம் வீண் வேலை. இதை நான் சொன்னதும் அவர், "அதான் சேச்சி, நான் அவசரப்பட்டுத் தொறக்கல" என்றார். அந்த வாய்க்காகவே அவரைப் பிடித்துப்போனது எனக்கு.

மூடியை லேசாக வைத்து, துணி சுற்றி, ஸ்டார்ட் செய்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. கண்டக்டர் விசில் அடித்தார். ஆனால் செங்கோட்டைக்காரர் உடனே பட்டறைக்கு வரமாட்டேன் என்றார். தேய்த்த எண்ணெயோடு திரும்பிப் போனால் சளி பிடிக்குமாம். அவர் அருவியில் நின்று வரும்வரை காத்திருந்தோம். இவரும் சும்மா இருக்கவில்லை, "வந்தது வந்தாச்சு" என்று சட்டையைக் கழற்றிவிட்டு அவரோடு போய் நின்றுகொண்டார். நான் ஜீப்பில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றேன்.

பிறகு மூன்று பேருமாகச் செங்கோட்டைக்குப் போனோம். வழியில் மெக்கானிக் பின் சீட்டிலிருந்து என் காலை எட்டிப் பார்த்தார். "கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுதிய" என்று ஒருமுறை சொன்னார். இடது பக்கத்திலிருந்து, "நானும் அதத்தான் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா" என்று குரல் வந்தது. பட்டறையில் மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

அதற்குப் பிறகு ஜீப் வழியில் நின்றதே இல்லை. முதலில் நிற்கவேண்டிய இடத்திலும் சில சமயம் நிற்கவில்லை. பிரேக்கை அவர் சாரல் முடிந்ததும் பார்த்துத் தருகிறேன் என்றார், அப்படியே பார்த்தும் தந்தார். வைப்பருக்கு மட்டும் மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. கொல்லத்திலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. முன் கண்ணாடியில் என் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இவர் வெளியே கையை நீட்டித் தன் பக்கக் கண்ணாடியை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டு, தெரிந்ததை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பஸ்ஸு வருது. போயிட்டு. ஒரு மாடு நிக்கி. இல்ல, எருமை. மெதுவாப் போ. அங்கன பஜ்ஜிக் கடை இருக்கு, நிறுத்துதியா?"

நிறுத்தினேன்.