நீலக்கோடு போட்ட பிளேட்

செம்பூரில் நான் வேலை பார்க்கும் பாக்டீரியா லேபில் ஒரு நாள் காலை எல்லோரும் கைதட்டினார்கள். ஆராய்ச்சி மாணவி காயத்ரியின் ஆறு பிளேட்டிலும் பாக்டீரியா பாய் விரித்தது போல முளைத்திருந்தது. மறுநாள் மதியம் பெரிய மேடம் அதை வெளியூர் விஞ்ஞானிகளுக்குக் காட்ட இருந்தார். நான் மட்டும் கைதட்டவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். லேப் அட்டெண்டன்ட். பாக்டீரியா வளரும் கூழான அகாரைக் காய்ச்சி, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்து, பிளேட் என்னும் வட்டத் தட்டில் ஊற்றுவது என் வேலை. ஆங்கில லேபிள் எனக்குச் சரளமாக வராது. அதனால் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் பிளேட் ஓரத்தில் வேறொரு கலரில் கோடு போட்டுவிடுவேன்.

பாக்டீரியாவுக்குள் அதன் பெரிய டிஎன்ஏ தவிர, பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன வளையமும் இருக்கலாம். மருந்துக்குச் சாகாமல் தப்பும் வழி சில வளையங்களில் இருக்கும். ஒரு பாக்டீரியா அதை நகல் எடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். சாக்கடையில் பிடித்த பாக்டீரியா அப்படிக் கொடுக்கிறதா என்றுதான் காயத்ரி பார்த்தாள். வளையத்தை வாங்கிக்கொண்டது மட்டும் முளைக்கும்படி பிளேட்டில் மருந்து இருக்கும். வாங்காததைத் தனியாக ஒரு பிளேட்டில் தடவினால் அது காலியாகவே இருக்க வேண்டும். அதுதான் கண்ட்ரோல்.

கண்ட்ரோல் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சிவப்புக் கோடு. மற்ற ஆறிலும் நீலம்.

நீலக்கோடு காய்ச்சிய நாள் எனக்கு நினைவு வந்தது. எப்போதும் பாட்டிலை முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் மருந்து விடுவேன். சூடு அதிகமானால் மருந்து கெட்டுவிடும். அன்று புதிதாக வந்த தடித்த கையுறையோடு பாட்டிலைப் பிடித்து, ஆறிவிட்டது என்று நினைத்து மருந்தை விட்டுவிட்டேன்.

பெரிய மேடத்திடம் நான் வாய் திறந்ததே இல்லை. காயத்ரியிடம் போனேன்.

“ஏம்மா, கண்ட்ரோல பழைய பிளேட்லயா போட்டிய?”

“ஆமாண்ணா. புதுசு ஆறுதானே குடுத்தேள்? ரெண்டும் ஒரே மருந்துதானே?”

“புதுசுல மருந்து செத்துப்போச்சுன்னு நெனைக்கேன். தப்பு எம்மேலதான்.”

அவள் முகம் வெளுத்தது. “விளையாடாதீங்கோண்ணா. நாளைக்கு மேடம் ஸ்லைடு போடப்போறா.”

“போட்டபொறவு தெரிஞ்சா இன்னும் அசிங்கம்லா? சாய்வா ஒறஞ்சதுன்னு ஒரு நீலக்கோடு பிளேட்ட ஒதுக்கி வச்சிருக்கேன். வளையம் வாங்காதத அதுல தடவுங்க. காலைல பாத்துருவோம்.”

காலையில் அதிலும் பாய் விரித்திருந்தது.

இருவரும் மேடத்தின் அறைக்குப் போனோம். பிளேட்டை நீட்டினேன். “யார் தப்பு?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“என்னுடையது. கையுறையோடு சூடு பார்த்துவிட்டேன்.”

“பாதி என்னோடது,” என்றாள் காயத்ரி.

மேடம் கம்ப்யூட்டரில் அந்த ஸ்லைடை அழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெர்மாமீட்டர் வேண்டுமா, கையுறையைக் கழற்றுகிறாயா?”

“ரெண்டும், மேடம்.”

அவர் சிரித்தார். அன்று மதியம் விஞ்ஞானிகளிடம் விடை எதுவும் காட்டாமல், பாக்டீரியா வளையத்தைக் கொடுக்கிறதா என்ற கேள்வியை மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம்.

மறுபடி காய்ச்சி ஊற்றினேன். இந்த முறை கண்ட்ரோலும் அதே கலர் கோடு பிளேட்தான்; அது காலியாக இருந்தது. ஆறு பிளேட்டிலும் சேர்த்துப் பதினொரு புள்ளிகள்தான் முளைத்தன.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“பதினொண்ணும் நிஜம்ணா,” என்றாள். வளையம் கைமாறியிருந்தது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு முறை காய்ச்சியதும் ஒரு பிளேட்டை எடுத்து, அதில் சாக வேண்டிய பாக்டீரியாவைத் தடவி வையுங்கள். அது காலியாக இருந்தால் மட்டும் மற்றவற்றைக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அந்த ஒரு பிளேட்டில் மட்டும் கோடு போடுவதில்லை. என் பெயரைத் தமிழில் எழுதுகிறேன். இதுவரை அதில் ஒன்றும் முளைக்கவில்லை.