சாவி காணிப்பாக்கத்தில், கடல் மெட்ராஸில்

அன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அண்ணன், அண்ணி, நான். ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டிய என் பை இல்லை.

பையை முந்தின நாள் சாயங்காலம் நைனாதான் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். தூரப் பயணத்துக்கு நல்ல நேரம் அமையாவிட்டால், அதற்கு முன்பே வரும் நல்ல நேரத்தில் பையை வேறொரு வீட்டில் வைத்துவிடுவோம். அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் திங்கட்கிழமை, ஏழு மணி பஸ் கொஞ்சம் தாமதமானாலும் ஏழரைக்கு ராகு காலம் பிடித்துவிடும். நைனாவுக்கு அதைப் பற்றி ஒரு பயம், எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் பயம், அதனால் நானும் தலையாட்டினேன்.

பைக்குள் கம்பெனியிலிருந்து வந்த அட்டை இருந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கிற இடம், மதியம் இரண்டு மணிக்குத் தையல் டெஸ்ட், அட்டை இல்லாதவர்களை கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அப்படி ஒரு அட்டை இன்னொரு தடவை வருமா?

போய்ப் பார்த்தால் பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் வரப்புத் தகராறு. பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்து முடித்துக்கொள்ளலாம் என்று முதல் பஸ்ஸிலேயே குடும்பத்தோடு காணிப்பாக்கம் போய்விட்டார்களாம். என் பை அவர்கள் நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"பூட்ட ஒடச்சிடலாமா?" என்றான் அண்ணன்.

"அவங்க அங்க சத்தியம் பண்ணிக்கினு இருக்காங்க, நீ இங்க பூட்டு ஒடைக்கிறியா? அடுத்த சத்தியம் நம்புளுதுதான்" என்றாள் அண்ணி. செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்துவிட்டாள்.

அவள் வருகிறவரைக்கும் நைனாவும் அண்ணனும் மெட்ராஸ் போகிற வழியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அண்ணனுக்கு காட்பாடி ரயில். அதைப் பிடிக்க ஏழு மணி பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும், அது எங்கள் கண் முன்னாலேயே போய்விட்டது. நைனாவுக்குத் திருப்பதி போய் அங்கிருந்து ரயில்.

"பெருமாள் ஊர்ல ஏறினா ஒண்ணும் ஆவாது."

"மெட்ராஸ் கெழக்கால இருக்குது. நீ வடக்கால போய் ஏறணும்ன்ற" என்றான் அண்ணன்.

எனக்கு ரயில் என்றால் இறங்குவதற்குள் கிளம்பிவிடும் என்ற பயம், பஸ் என்றால் வாந்தி.

எட்டேகாலுக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. அண்ணி சாவியோடு இறங்கினாள். கோயில் குளத்தில் முழுகப் படி இறங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தி, முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து வாங்கி வந்திருக்கிறாள். ஜீப்காரரையும் திரும்பிப் போகவிடாமல் சித்தூர் வரைக்கும் பேசி வைத்திருந்தாள்.

நைனா வாசலை மறித்தார். "ஒம்போது வரைக்கும் ராகு காலம். பொண்ண அனுப்ப மாட்டேன்."

"மாமா, பை நேத்தே கெளம்பிடுச்சா இல்லியா?"

"கெளம்பிடுச்சு."

"அப்ப பயணம் நேத்தே ஆரம்பம். நடுவுல ஒரு ராத்திரி தங்கிச்சி, அவ்ளோதான். நடுவழியில ராகு காலம் வந்தா பஸ்ஸ நிறுத்தி எறங்கிக்குவீங்களா?"

 நைனா நகர்ந்து வழி விட்டார். அவர் பேச்சில் தோற்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பூட்டைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு நானும், கூடையோடு அண்ணியும் ஜீப்பில் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அண்ணி அங்கே கூடையில் வேர்க்கடலை விற்கிறவள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில், தமிழில் கேட்டால் தமிழில் எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்வாள். மெட்ராஸ் போர்டு போட்ட பஸ் ஒன்று இன்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. நான் அதை நோக்கி ஓடினேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"அது இன்னும் அரை மணி இங்கயே உறுமும். ஊருக்கு ஊர் நிக்கும். பெங்களூர்லருந்து ஒண்ணு வரும், இரு. டிபன் துன்ன எறங்குவாங்க, இங்கயே பாதி பேர் காலி. அந்த டிரைவர் நிக்க மாட்டான்."

அவள் சொன்னபடியே வந்தது. ஏறியதும் ஜன்னலோரம் இடம். என்னைத் தனியாக விட்டால் பயத்தில் பாதி வழியிலேயே இறங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கூடையைப் பழக்கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவளும் ஏறினாள்.

டிக்கெட் எடுக்கும்போதுதான் என் வண்டவாளம் தெரிந்தது. நைனா கொடுத்த பணத்தைத் திருடனுக்குப் பயந்து பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தேன், இரட்டைத் தையல்.

"டெஸ்டுக்கு இந்தத் தையல காட்டு, வேல குடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, கடலை வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து அவளே கொடுத்தாள்.

வாலாஜா தாண்டியதும் பேச்சை நிறுத்தினாள். முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லம்மே. இதுக்கு மேல எல்லாம் கண்டக்டருங்க சொல்லிக் கேட்டதுதான்."

அவ்வளவு நேரமும் அவளை நம்பித்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டும் இறங்க நினைக்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம். காவேரிப்பாக்கம் ஏரியைக் காட்டி இதுதான் கடலா என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன்.

பூந்தமல்லியில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கம்பெனி கேட்டுக்குப் போனபோது ஒன்றே முக்கால். அட்டையை நீட்டினேன். உள்ளே காலர் தைக்கச் சொன்னார்கள், தைத்தேன். சாயங்காலம் மூன்று பெயர் படித்தார்கள், மூன்றாவது என்னுடையது. அண்ணி அதுவரைக்கும் கேட் எதிரே டீக்கடை நிழலில் நின்றிருந்தாள். கடல் அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். கூடை காத்திருக்கிறது என்று, என்னைக் கம்பெனி விடுதியில் விட்டுவிட்டு அவள் சித்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

முதல் சம்பளத்தில், அன்று அவள் செலவழித்த பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "கடலாண்ட கூட்டிக்கினு போ, அங்க நின்னு வாங்கிக்கறேன்" என்றாள். நான் மெட்ராஸில் எத்தனையோ வருஷம் தைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் சித்தூரில் கூட்டமான நாளாகவே இருக்கிறது. ஜீப்புக்கு எட்டு, இரண்டு டிக்கெட்டுக்கு எழுபத்தாறு. அண்ணிக்கு என் பாக்கி எண்பத்து நாலு ரூபாய்.