பல்லுக்கு வீங்கிய கழுத்து

கல்யாணமாகி, என் வீட்டுக்காரருக்குப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்திருந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் கழுத்தின் இடது பக்கம் வீங்கியது.

"பொன்னுக்கு வீங்கிதான், தங்கச்சி. பொன்னைப் போட்டா இறங்கிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். என்னிடம் இருந்தது மஞ்சள் கயிறு மட்டும்தான். வலியோடு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது.

மாதமாகியும் வீக்கம் இறங்கவில்லை. கோலிக்குண்டு போலக் கெட்டியாக நின்றது.

"புருஷன் வாங்கிப் போட்டாத்தான் இறங்கும் போல!" என்று அக்கா என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. கூட வேலை செய்த ஒருவர் இப்படிக் கழுத்தில் கட்டி வந்துதான் செத்துப்போனார். எனக்கும் அதே நோயோ என்று பயந்து, மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

வெள்ளைக்கார டாக்டர் பேசியதை, அவருக்கு உதவியாக இருந்த யாழ்ப்பாணத்து டிரெஸர் தமிழில் எடுத்துச் சொன்னார். கட்டியில் ஒரு துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். சங்கிலியைக் கழற்ற வேண்டுமாம். நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். கழற்றினால் இன்னும் வீங்கிவிடுமே! அதைச் சொல்லவும் வெட்கம்.

"களவு போகாது, பிள்ளை. அவரிட்டைக் குடுத்து விடும்" என்றார் டிரெஸர்.

மறுவாரம் முடிவு கேட்கப் போனபோது, "வந்து பாரும்" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். நான் கூசிச் சுவரோரம் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் குனிந்து பார்த்தார்.

"எள்ளு கொட்டின மாதிரி இருக்குங்க."

"எள்ளு மட்டுந்தானே? நல்லது. ஆந்தை முழிக்கிற மாதிரிச் சோடிக் கண் தெரிஞ்சாத்தான் அந்தப் பொல்லாத வருத்தம். இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை. சூத்தைப் பல்லாலை நெறி கட்டியிருக்கு."

"அப்ப பொன்னுக்கு வீங்கலையா?" அங்கே நான் வாய் திறந்தது அப்போதுதான்.

"இல்லைப் பிள்ளை. பல்லுக்கு வீங்கினது."

என் வீட்டுக்காரர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது அந்தக் கட்டிப் புற்றுநோயிலேயே பல வகை கண்டுபிடித்து, வகைக்கு ஏற்ற மருந்து கொடுக்கிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அந்த ஆந்தைக் கண் நினைவுக்கு வருகிறது. அன்று அது மைக்ராஸ்கோப்பில் தெரிந்திருந்தால், கொடுக்க மருந்து ஒன்றும் இருந்திருக்காது.

பல்லைப் பிடுங்கினார்கள், கொஞ்ச நாளில் வீக்கமும் வற்றியது. சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"பாத்தியா, எம் பொன்னு இறக்கிடுச்சு!" என்றார் அக்கா.

பல் இருந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினேன்.