அபிஷேகப் பால்

பிழைக்க வந்த ஊரான ஹடப்சரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் எருமைத் தொழுவம் இருந்தது. மற்ற வீடுகளில் பெரும்பாலும் பாக்கெட் பால். என் வீட்டுக்காரருக்கோ அது ஆகாது. ஏற்கெனவே சூடு காட்டிய பாலை முருகனுக்கு ஊற்றக் கூடாதாம். சஷ்டி தவறாமல் தொழுவத்திலிருந்து செம்பு நிறையக் கறந்த பால் வாங்கிவந்து, பூஜை அலமாரியில் இருக்கும் வேலுக்கு அபிஷேகம் செய்வார். வீட்டுக் காபிக்கும் அதே பால்தான்.

அந்தச் சஷ்டி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மறுநாள் காலையில் தொழுவத்துப் பக்கம் சத்தமே இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால், சாணம் கிடந்த இடமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்.

கொஞ்ச நேரத்தில் மாநகராட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் அம்மா வந்து வாசலில் நின்றார். ஓர் எருமையை வெறிநாய் கடித்திருக்கிறது, நுரை தள்ளிச் செத்துவிட்டது, தொழுவக்காரன் அதை மறைத்துக் கடைசிவரை கறந்து விற்றிருக்கிறான் என்று இந்தியில் சொன்னார். பாலைக் காய்ச்சித்தானே குடித்தீர்கள் என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பச்சைப் பால் குடிக்க நாங்கள் என்ன பூனையா? பொங்கப் பொங்கக் காய்ச்சுவோம் என்று வெடுக்கென்று சொன்னேன். அப்படியானால் பயமில்லை என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கதவைச் சாத்தும்போது, பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் பின்னாலிருந்து கேட்டாள். இங்கேயே வளர்ந்தவள், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"அம்மா... நேத்து அப்பா தீர்த்தம் குடுத்தாரே? அது பச்ச பாலு... பாயில் பண்ணலையே?"

வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று அபிஷேகப் பாலை அவளுக்கு டம்ளர் நிறையக் கொடுத்திருந்தார் மனுஷன்.

"அது சாமி மேல பட்ட பாலு, புள்ள. அதுல ஒண்ணும் வராது. வெளிய சொல்லி மானத்த வாங்காத" என்றார், சோபாவை விட்டு எழுந்திருக்காமல்.

"பெத்த மக உசுரு போயிருமோன்னு நான் பதறுறேன், உங்களுக்கு மானமுங்களா?" கத்திக்கொண்டே ஓடிப்போய், இன்ஸ்பெக்டர் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கே ஊசி தொடங்க வேண்டும், கர்ப்பிணிக்கும் போடலாம் என்றார். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் கேட்காதாம். வேறு யாரெல்லாம் குடித்தார்கள் என்று கேட்டார்.

செம்பு நிறையப் பால் இருந்ததே!

"ஏனுங்க, மிச்சத்த என்ன பண்ணுனீங்க? வாயத் தொறங்க!"

அப்போதுதான் அவர் சோபாவை விட்டு எழுந்தார்.

"கீழ வெளையாடிட்டு இருந்த பசங்களுக்கெல்லாம் ஊத்துனேன், புள்ள. வெளியில இருந்தும் வந்திருந்தாங்க. எந்தெந்த வீட்டுப் பசங்கன்னு தெரியல."