ஏலத்துக்குப் போன முட்டி உறை

தாம்பரத்தில் குளிரா என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஜனவரியில், விடிந்தும் விடியாத நேரத்தில், இரும்புலியூரிலிருந்து வண்டலூர்ப் பக்கம் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்கள் வந்து பேசட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் வயலும் ஏரியும்தான். அங்கிருந்து கிளம்பி வரும் பனிக்காற்று புடவைக்குள் புகுந்து நேராக முழங்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மிதித்தது என் முட்டிதானே.

ஊரப்பாக்கம் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. பஸ் நிற்காது, நின்றால் படியில்கூட இடம் இருக்காது. அதனால் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் பஸ் ஒரு சாக்கு. சைக்கிளில் ஏறினாலே எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். ஆளில்லாத ரோட்டில் சத்தமாகப் பாடுவேன். எதிரே பால்காரர் வந்தால் வாயை மூடிக்கொண்டு டீச்சர் ஆகிவிடுவேன்.

மார்கழி பிறந்ததும் முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. எல்லாரும் முழங்கால் போட வேண்டும். ஒருநாள் முழங்கால் போடும்போது என்னையும் அறியாமல் "ஸ்ஸ்" என்றேன். அம்மா ஜெபத்தை நிறுத்தவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். ஆமென் சொன்ன கையோடு தீர்ப்பு வந்தது.

"சைக்கிள் போதும். இந்த வயசுலயே முட்டி போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணுவே? செங்கல்பட்டுல உன் மாமா பையன் சைக்கிள் சைக்கிள்னு அரிச்சுக்கிட்டிருக்கான். அவன்கிட்ட குடுத்துடலாம்."

அழுதேன், கெஞ்சினேன், சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். கடைசியில் அப்பா நடுவில் புகுந்து தவணை வாங்கிக் கொடுத்தார். ஜனவரிக் கடைசியில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அதற்குள் நான் சத்தமில்லாமல் முழங்கால் போட வேண்டும். இல்லாவிட்டால் சைக்கிள் செங்கல்பட்டுக்கு ரயிலேறிவிடும்.

முட்டிக்கு வேண்டியது சூடு, அவ்வளவுதான். அதற்கு ஒரு உறை தேடித்தான் நான் பட்ட பாடு. முதலில் கட்டுப்போடும் பேண்டேஜ் துணியைச் சுற்றினேன். சூடாகத்தான் இருந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. பெருங்களத்தூர் வரைக்கும் இரண்டு மரக்கட்டைகளை வைத்து மிதிப்பது போல மிதித்துவிட்டு, புளியமரத்தடியில் நின்று அவிழ்த்தேன். அடுத்து, பக்கத்து வீட்டுப் பையனின் ஃபுட்பால் ஸ்டாக்கிங்ஸை வாங்கிப் பாதத்தை வெட்டிவிட்டுப் போட்டேன். வண்டலூரில் இடது கால் உறை இறங்கியது, ஊரப்பாக்கத்தில் வலது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்பே சிரித்தது. குனிந்தால் புடவைக்குக் கீழே கறுப்பு மஞ்சள் பட்டை இரண்டு வளையமாக நிற்கிறது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது?

பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். முட்டிக்குப் போடும் உறை இருக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"கீது மேடம். யாருக்கு? இன்னா சைஸு?" என்று கடைக்காரர் கடையே கேட்கும்படி கத்தினார்.

கல்யாணமாகாத பெண் தன் முட்டியின் அளவை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வாள்? "அப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்பா அளவுக்கு ஒரு ஜோடி கட்டிக் கொடுத்தார். அதில் என் இரண்டு முட்டியும் சேர்ந்து குடியிருக்கலாம். வீட்டில் அது அப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது. "எனக்கு முட்டி வலின்னு யாருமா சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே அவர் போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அதிலேயே ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்வெட்டர் பின்னுவதில் கெட்டி. கதவைச் சாத்தி என் முட்டியை நூல் வைத்து அளந்துவிட்டு, "ரெண்டு ஓரத்துலயும் வரி வரியா பின்னிட்டா கவ்விப் பிடிச்சுக்கும். கலர் என்ன வேணும் சொல்லு" என்றாள். புடவைக்குள்ளே போடுவதற்குக் கலர் எதற்கு? ஆனாலும் அவளுடைய மிச்சக் கம்பளி நூல்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு, கல்யாணப் புடவை எடுப்பது போல ஒரு மத்தியானம் முழுக்கத் தேர்ந்தெடுத்தேன். கிளிப்பச்சை, நடுவில் ஆரஞ்சுப் பட்டை. யாருக்கும் தெரியாமல் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போவதை நினைத்தாலே குதூகலமாக இருந்தது. முதல் உறை முடிந்ததும் ஒற்றைக் காலில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தேன். போட்ட முட்டி வெல்லம், போடாத முட்டி வேம்பு. ஜோடியையும் முடித்துப் பண்டிகைக்கு முன்பே தருவதாகச் சொல்லி, உறையை அக்கா திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்று ஒவ்வொரு வீட்டாரும் பூசணிக்காய், கோழி, கேக், கைவேலை என்று ஏதாவது காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவது அவ்வளவு அழகில்லை. "மறு ஏலம்!" என்று கூட்டம் கத்தும். அவரும் கேட்ட பணத்தைக் கோயிலுக்குக் கட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே பொருளைத் திருப்பிக் கொடுப்பார். ஒரே எலுமிச்சம்பழம் மதியம் வரைக்கும் கை மாறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கோயிலில் ஏலம் விடுகிறவர் அப்பா. வீடு வீடாகப் போய் காணிக்கைப் பொட்டலங்களை வாங்கி வருவதும் அவர்தான். அந்த வாரம் நர்ஸ் அக்கா வீட்டுக்கும் போயிருக்கிறார். அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்து, "இது உங்க பொண்ணுக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? மரத்தடியில் பாயில் பெண்கள் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தபோது, அப்பா மேசை மேல் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கிளிப்பச்சையில் இரண்டு குழாய்களை உயரத் தூக்கிக் காட்டினாரே, அப்போது.

"அருமையான கைவேலை!" என்றார் அப்பா. பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது... குழந்தை ஸ்வெட்டர்னா கழுத்தைக் காணோம். சாக்ஸ்னா பாதத்தைக் காணோம். யார் வேணும்னாலும் என்னவா வேணும்னாலும் வெச்சுக்கலாம்!"

ரிட்டையரான இன்ஜின் டிரைவர் ஒருவர் முதலில் எடுத்தார். "பாட்டிலுக்குப் போட்டா வெந்நீ சூடா இருக்கும்பா" என்றார். மறு ஏலம். ஒரு மாமி கிளிக்கூண்டுக்கு ஆகும் என்று எடுத்தார். மறு ஏலம். பாட்டுக்குழு வாத்தியார் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு பாட்டு நடத்துவது போல ஆட்டிக் காட்டினார். எங்கள் சபை ஆயர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என்னுடையது என்று சொன்னால் என்னவென்று சொல்ல வேண்டும். சபை முன்னால் என் முழங்காலைப் பற்றி எப்படிப் பேசுவது?

கையைத் தூக்கினேன், ஏலம் கேட்டேன். டிரைவர் மேலே கேட்டார். மறுபடி கேட்டேன். அவர் விடவில்லை. என் கையில் இருந்த காசுக்கு மேலே போய்விட்டது.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். "பாட்டில் உறைக்கு ஏண்டி இப்படிப் பறக்கிறே?"

வேறு வழியில்லை. அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அளந்தது, ஒற்றைக் காலில் போட்டுப் பார்த்தது, அந்தக் கால் வலிக்காமல் போனது.

அம்மா மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைக்கிள் போயே போய்விட்டது என்று நினைத்தேன். மேசையில் அப்பா, "ரெண்டு தரம்..." என்றார்.

அம்மா கையைத் தூக்கினாள். வருஷா வருஷம் ஒரு கட்டுக் கீரை எடுப்பதோடு சரி, அதற்கு மேல் அவள் வாய் திறந்ததை யாரும் பார்த்ததில்லை. அப்பா எழுதிக்கொண்டிருந்த பென்சிலைத் தவற விட்டார். "எங்க... எங்க வீட்டம்மாவா கேக்கறது?" டிரைவர் உற்சாகமாகி மேலே போனார். அம்மா அதற்கும் மேலே போனாள். கூட்டம் கை தட்டத் தொடங்கியது. டிரைவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "நம்மளால ஆவாது தாயீ. நீயே வெச்சிக்கோ."

மூன்று தரம். "மறு ஏலம்! மறு ஏலம்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

அம்மா எழுந்து மேசைக்குப் போனாள். அப்பா கையிலிருந்து உறைகளைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "தர மாட்டேன்" என்றாள்.

எங்கள் கோயிலில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. ஆயர் சிரித்துக்கொண்டே, "என்னன்னாவது சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

"என் பொண்ணு குளிர்ல அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சுப் போயி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றா ஐயா" என்றாள் அம்மா, கடைசிப் பாய் வரைக்கும் கேட்கும்படி. "இது அவ முட்டிக்கு."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அதே சமயம், மேசைமேல் ஏறி நின்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

அம்மா என்னைக் கையைப் பிடித்து ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். தானே கீழே உட்கார்ந்து, பச்சை உறைகளை ஒவ்வொன்றாக என் காலில் ஏற்றி, முட்டிக்கு மேலே இழுத்துச் சரிசெய்தாள். விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"காலைல எத்தனை மணிக்குடி கிளம்பணும்?" என்றாள்.