அக்கா சிரித்த பிரெஞ்சு நாடகம்

எங்கள் அத்தான் படித்தது பழைய கிரேக்கமும் பிரெஞ்சும். அந்தப் படிப்புக்கு வேலை கொடுக்க ஒருவரும் முன்வராததால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். கழன்ற ஸ்க்ரூவோடு யாராவது வந்தால் மாட்டிக் கொடுப்பார். ஆள் வராத நேரத்தில் கிரேக்க நகைச்சுவை நாடகம் ஒன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பார். உண்மையில் ஸ்க்ரூ கழன்றது யாருக்கு என்று நான் கேட்பதுண்டு. என்ன செய்ய, எனக்கு வாய் நீளம்.

இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய ஜோக்குக்கு இன்று எவனாவது சிரிப்பானா? அத்தானுக்கு அது ஒன்றுதான் கவலை. தன் ரசனைமேல் அவருக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. அதனால் கடையை மூடிவிட்டு வந்ததும் அக்காவை எதிரே உட்காரவைத்துப் பிரெஞ்சிலேயே வாசித்துக் காட்டுவார். அவள் சிரித்தால் அந்த வரி பிழைத்தது; இல்லாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒரு பயந்தாங்கொள்ளித் தளபதி பேசும் வசனத்தோடு மட்டும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் ஆசைப்பட்டாரே என்று வகுப்பில் சேர்ந்தவள், தலை சுற்றிப் பாதியில் நின்றுவிட்டாள். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

"அவர் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்டி. ஜோக் வர்றதுக்கு முன்னாடியே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பாக்கும்" என்பாள் என்னிடம்.

குட்டு உடைந்தால் மனுஷன் நொறுங்கிப்போவாரே என்று எனக்குத்தான் பயம்.

ஒருவழியாக, ஊரிலிருந்த பிரெஞ்சு நாடகக் குழு அதை மேடையேற்றியது. நாங்கள் மூவரும் போனோம். விளக்கு அணைந்ததும் அத்தான் பயத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். போச்சு! இனி அக்கா எதைப் பார்த்துச் சிரிப்பாள்?

தளபதி வாயைத் திறந்தான். அரங்கமே குலுங்கியது. அத்தான் கையை விலக்கி மேடையைக்கூடப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், உனக்குப் பிடிக்கலையா?" என்றார். ஊரே சிரித்தும் அவருக்குப் போதவில்லை.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குப் பிரெஞ்சே தெரியாதுங்க. இத்தனை நாளும் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சேன்."

அத்தான் கேட்டார்: "அப்போ எது நல்லாருக்குன்னு முடிவு பண்ணது யாரு?"

"நீங்கதான்."

முன்வரிசைக்காரர் திரும்பி 'உஷ்' என்றார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் தளபதி அடுத்த வசனத்துக்கு மூச்சை இழுத்தான். அவன் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அத்தான் சத்தமாகச் சிரித்துவிட்டார்.