தீபாவளிக்குக் கொடுத்த கொய்னா

மலாயாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் டிரஸ்ஸராக வேலை பார்த்தேன். டாக்டர் மாதத்தில் இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் எட்டுக் கட்டில் கொண்ட ஆஸ்பத்திரியும், லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த அத்தனை பேரின் உடம்பும் என் பொறுப்பு. பெரும்பாலும் முறைக்காய்ச்சல். ஒரு நாள் குளிர் வந்து உலுக்கும், மறுநாள் ஒன்றும் இருக்காது, மூன்றாம் நாள் மறுபடி வரும். இங்கிலீஷ் புத்தகங்களில் அதற்கு மலேரியா என்று பெயர்.

விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அங்கே கங்காணிக்குப் பக்கத்தில் நான், முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்தான கொய்னாத் தண்ணீர் வாளியும் கரண்டியுமாக நிற்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி. விழுங்கியதும் என்னைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னால் துப்பிவிடுவார்கள் என்பதால் நான் ஏற்படுத்திய முறை அது.

மூன்றாம் வருடத் தீபாவளிக்கு மூன்று நாள் பெரட்டு இல்லை என்று துரை சொல்லிவிட்டார். நான் அதுவரை ஒரு நாள்கூடத் தோட்டத்தை விட்டு வெளியே தங்கியதில்லை. அந்த ஐப்பசி மாத நாட்குறிப்பைப் புரட்டினால் ‘அசதி’ என்ற சொல்லைப் பதினொரு நாள் எழுதியிருக்கிறேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கை கழுவிக் கழுவி விரலிடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன. ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் இருந்த என் அக்கா, இந்த முறையாவது வா என்று எழுதியிருந்தாள். போவதென்று முடிவு செய்தேன்.

முந்தின இரண்டு தீபாவளிகளிலும் என்னவெல்லாம் வந்தது என்று எழுதி வைத்திருந்தேன். எண்ணெய் தெறித்த கைகள், வெடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டவனின் விரல்கள், கள் குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தவனின் மண்டை. பலகாரம் சுட்டுச் சுட்டு, நாலாம் நாள் பெரட்டில் வீங்கிய காலோடு வந்து நின்ற பெண்கள்தான் அதிகம். ஆகவே ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு லயமாகப் போய், பகலில் இரண்டு மணி நேரமாவது படுங்கள் என்று சொன்னேன்.

“நாங்க படுத்துக்கிட்டா முறுக்கு தானா சட்டியில குதிச்சுக்குமா ஐயா?” என்றாள் ஒருத்தி. லயமே சிரித்தது.

எனக்கு உண்மையான கவலை ஒரு பெண்ணைப் பற்றித்தான். கடைசி லயத்தில் இருந்தாள். ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுக்கிறவள், வயது இருபத்திரண்டு இருக்கும். இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டு முறையும் முறைக்காய்ச்சலில் தங்காமல் போயிற்று. இப்போது ஏழாம் மாதம். புரட்டாசியில் ஒரு தடவை காய்ச்சல் எட்டிப் பார்த்துவிட்டுக் கொய்னாவில் அடங்கியிருந்தது. நாள் தவறாமல் மருந்து உள்ளே போனால் இந்தக் குழந்தை தங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெரட்டு இல்லாத நாளில் கொய்னாவை எப்படிக் கொடுப்பது? வீட்டுக்கு ஒரு புட்டி என்று காலிப் புட்டிகளைச் சேர்த்துக் கழுவிக் காயவைத்தேன். மருந்தை ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் வேளைக் கணக்குக்குக் கோடு போட்ட காகிதப் பட்டையை ஒட்டினேன். நான்கு நாள் மாலைகள் இதற்கே போயின. அவள் வீட்டில் அவள் புருஷனுக்குத் தனி, அவளுக்கு அளவு குறைத்துத் தனி.

“தாயி, காலையில ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. மூணு நாளைக்கு ஆறு கோடு. தலை முழுகறதுன்னா வெந்நீர்ல முழுகு. கிணத்தடிக்குப் போகாதே.”

“சரிங்க ஐயா.”

அவள் புருஷன் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் வேலை செய்பவன். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். “நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா நீங்கதான் காய்ச்சக்காரரு மாதிரி இருக்கீங்க” என்றான்.

ஈப்போவில் நான் செய்தது தூக்கம் ஒன்றுதான். தீபாவளியன்று பகல் பத்து மணிக்கு அக்கா வந்து உலுக்கினாள்.

“தீபாவளிக்கு வந்தியா, தூங்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான் அக்கா.”

“ஊரே முழுகிப் புதுசு கட்டிக்கிட்டு ரெண்டாவது தடவ பசியாறிடுச்சு. காய்ச்சின எண்ணெய் ஆறிப்போச்சு, எந்திரி.”

எழுந்து முழுகிவிட்டுச் சாப்பிட்டு மறுபடி படுத்தேன். மறுநாளும் அப்படியே. ரயிலில் திரும்பும்போது தோள்களில் பல மாதமாக இருந்த கனம் இறங்கியிருந்தது.

நாலாம் நாள் பெரட்டில் புட்டிகளைத் திரும்ப வாங்கினேன். வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறு கோடு என்றால் ஆறு கோடு இறங்கியிருந்தது. ‘எல்லா வீட்டிலும் மருந்து சரியாகக் குடித்திருக்கிறார்கள்’ என்று அன்று எழுதியிருக்கிறேன். எழுத்துகூட வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது.

அந்தப் பெண்ணின் புட்டியை அவள் புருஷன்தான் கொண்டு வந்தான். அவளுக்குக் குளிர் நடுக்கம், எழுந்திருக்க முடியவில்லை என்றான். புட்டியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. லயத்துக்குப் போய் அவளைப் பார்த்தேன். மூன்று நாள் அடுப்படி வேலை, எண்ணெய் முழுக்கு, மழை. இது சளிக்குளிர் என்று தீர்மானித்தேன். கம்பளியும் இஞ்சிக் கஷாயமும் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். ஆறு வேளை கொய்னா குடித்தவளுக்கு மேலும் கொடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்து, அன்றைய கரண்டியையும் நிறுத்தினேன். மறுநாள் காய்ச்சல் இல்லை. என் தீர்மானம் சரிதான் என்று அன்றும் கரண்டி கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கட்டில் சட்டம் சுவரில் மோதிக் கடகடவென்று சத்தம் போடுகிற அளவுக்கு நடுங்கினாள். முறைக்காய்ச்சல் என்று அப்போது ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். கொய்னாவைக் கரைத்துக்கொண்டே, “ஆறு வேளை குடிச்சும் எப்படி வந்துச்சு?” என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வாசலில் நின்ற அவள் புருஷன் உள்ளே வந்தான்.

“ஐயா, அவ குடிக்கல. நான்தான் வேணாம்னேன். நல்ல நாளும் அதுவுமா வாயில கசப்பு வெச்சா வருசம் பூரா கசக்கும்பாங்க. புள்ள வேற வரப்போவுது. வாழக்கன்னுக்கு ஊத்திட்டேன்.”

“கோடு சரியா இருந்துச்சே.”

“கோடு பாத்துத்தான் ஊத்துனேன். நீங்க அத்தனை புட்டிக்கும் ஒக்காந்து காயிதம் ஒட்டுனீங்க. கொறையலன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்லா.”

“மத்த வீட்டுல?”

“எல்லாருந்தான் ஐயா.”

நான் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வேண்டிய தெம்பு என்னிடம் இல்லை. கொய்னாவை அவள் வாயில் ஊற்றினேன். வாந்தி எடுத்தாள். மறுபடி ஊற்றினேன். மறுநாள் காலையில் வலி கண்டது. பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூச்சு இருந்தது, அழுகை இல்லை. பஞ்சில் சுற்றி வெந்நீர்ப் புட்டிகளை இரு பக்கமும் வைத்தோம். அன்று சாயங்காலம் மூச்சு நின்றது. அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு லயத்திலிருந்தும் காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தேன். ஈப்போவில் தூங்கிய தூக்கமெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துபோனது.

அவள் பிழைத்தாள். காய்ச்சல் முழுக்க விட்டபின் ஒருநாள், கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டே பேசினாள்.

“ஐயா, அவரு சொன்னது பொய். ஊத்துனது நான். குடி குடின்னு அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நீங்க என்னைய ஏசுவீங்கன்னு தன் மேல போட்டுக்கிட்டாரு.”

“ஏசறதுக்கு ஒண்ணுமில்ல தாயி. மொத நாளே உன்னைக் கேட்டிருக்கணும். நான் புட்டியத்தான் பாத்தேன்.”

அவள் சீப்பில் ஒட்டிய முடியை எடுத்து உருட்டினாள். பிறகு, “நாளைக்கு வேலைக்குப் போவட்டுமா? இங்க சும்மா ஒக்கார முடியல” என்றாள்.

“இன்னும் பத்து நாள் படு.”

ஐந்தாம் நாளே கங்காணி வந்து, நல்லாத்தானே இருக்கா, அனுப்புங்க, ஆள் பத்தல என்றார். முடியாது என்றேன். என்னிடமிருந்து அந்தச் சொல்லை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. முனகிக்கொண்டே போனார்.

அடுத்த வருடம் அக்கா மறுபடி எழுதினாள். வர இயலாது என்று பதில் போட்டேன். அந்தத் தீபாவளிக்கு இஞ்சி, ஓமம், மிளகு, வெல்லம் சேர்த்துக் கிளறி, கொய்னாத் தூளைக் கலந்து உருண்டை பிடித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் மறைக்கவில்லை. நாக்கில் வெல்லம் முதலில் பட்டால் நாளுக்குக் குற்றமில்லை என்று அவர்களே பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மூன்று நாளும் காலையில் தகர டப்பாவோடு வீடு வீடாக நடந்தேன். சேறு. முழங்கால் இரண்டும் வலித்தன. கடைசி லயத்தை எட்டும்போது நன்றாக விடிந்திருந்தது.

அவள் ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். உருண்டையை வாயில் போட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

“வெல்லம் பத்தல ஐயா” என்றான் புருஷன்.

“பேசாம முழுங்குங்க” என்று அவனை அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “பக்கத்து வீட்டக்கா உங்களப் பாத்துட்டுக் கதவச் சாத்திக்கிட்டாங்க. உள்ளதான் இருக்காங்க. விட்டுறாதீங்க.”

டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினேன்.